மேடையில் கையை என்ன செய்வது? இணைப்பு நாள் பேச்சை வைத்து ஒரு செய்முறை

கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளான நவம்பர் 1 நெருங்கினால் மார்த்தாண்டம், குழித்துறை பக்கம் முதன்முறை மேடையேறுகிறவர்கள் பேச்சை மனப்பாடம் செய்துவிடுவார்கள். கை மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும். ஒரே ஒரு பத்தியை வைத்துப் பழகுவோம்:

“1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின.”

1. நிலை. பாதங்கள் தோளகலம். மடித்துக் கட்டிய வேட்டியை மேடையேறும் முன்பே இறக்கிவிடுங்கள். சும்மா இருக்கும் நேரத்தில் கை தொப்புள் உயரத்தில் தளர்வாக இருக்கட்டும். கைகட்டி நின்றால் பெரியவர் முன் பணிந்து நிற்பதுபோல் தெரியும். ஏ4 தாள் வேண்டாம், விரல் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அஞ்சலட்டை அளவுள்ள கெட்டி அட்டை போதும்.

2. சொல்லைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கை ஆடினால் எதுவும் பதியாது. இந்தப் பத்தியில் தாலுகாப் பெயர்கள், ‘நான்கு’, ‘போயின’ ஆகிய மூன்று இடம் போதும். ‘நான்கு’ என்பதற்குக் கட்டைவிரலால் விரல்கணுவைத் தொட்டு எண்ணாதீர்கள், பின்வரிசைக்குத் தெரியாது. நான்கு விரலையும் விரித்து நெஞ்சுயரத்தில் காட்டுங்கள்.

3. நேரம். கை சொல்லோடு வந்து சேர வேண்டும். ‘நான்கு’ என்று சொல்லி முடித்த பிறகு விரல் எழுந்தால் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும். விரலை உடனே இறக்கவும் கூடாது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். ‘இணைந்தன’ வரை கை நிற்கட்டும். பாதியில் இறங்கினால் வாக்கியமும் அங்கேயே முடிந்ததாகக் கூட்டம் நினைக்கும்.

4. இடம் வலம். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். வரைபடத்தில் விளவங்கோடு மேற்கே, அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கம். எதிரே உட்கார்ந்திருப்பவரின் இடம் உங்கள் வலம். எனவே வலக்கையை உங்கள் வலப்பக்கம் நீட்டித் தொடங்குங்கள். கல்குளத்துக்குச் சற்று உள்ளே வந்து, தோவாளைக்கு இடத்தோள் பக்கம் கொண்டுபோய், அகஸ்தீஸ்வரத்துக்குக் கீழே இறக்குங்கள். செங்கோட்டை வடக்கே இருக்கிறது, கை முகத்துயரம் போகட்டும். தேவிகுளம், பீர்மேட்டுக்கு இன்னும் சற்று மேலே தூக்கி, ‘போயின’ என்னும்போது உள்ளங்கையை வலப்பக்கமாக விலக்கிவிடுங்கள். அன்று, இன்று என்று காலத்தைக் காட்டும்போதும் இதே கணக்குதான்: ‘அன்று’ பார்ப்பவருக்கு இடம், அதாவது உங்கள் வலப்பக்கம்.

கண்ணாடி முன் பழகுவதை நான் பரிந்துரைப்பதில்லை. இட வலத்தை அது சரிபார்க்க விடாது. போனின் செல்ஃபி கேமராத் திரையும் பெரும்பாலும் அப்படித்தான். பின்கேமராவைக் கண்ணுயரத்தில் வைத்து, பத்தடி தள்ளி நின்று பதிவு செய்யுங்கள். முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அர்த்தமில்லாமல் திரும்பத் திரும்ப வரும் அசைவு அப்போதுதான் பிடிபடும்.

5. மைக். கையில் பிடிக்கும் மைக் என்றால் இடக்கையில், வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள். அந்தக் கையும் சேர்ந்து ஆடினால் குரல் ஏறி இறங்கும். வலைத்தலையைப் பொத்திப் பிடித்தால் மைக் வீலென்று கத்தும். வலக்கை ஓய்வாக இருப்பது இன்னொன்றுக்கும் நல்லது: தலைவரை இடக்கையால் சுட்டி வரவேற்றால் முதல் வரிசை முகம் சுளிக்கும். வலக்கையானாலும் ஆள்காட்டி விரல் வேண்டாம், உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள். சட்டையில் குத்தும் மைக் என்றால் நெஞ்சில் கைவைக்கும்போது ஒரு சாண் கீழேயே நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒலிபெருக்கியில் ‘டப்’ என்று அடிக்கும்.

பின்சேர்க்கை: போடியம் நெஞ்சளவு இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதன் பின்னால் நின்றால் மேலே சொன்ன வரைபடத்தில் பாதி மறைந்துவிடும். பக்கவாட்டில் வந்து நில்லுங்கள். அதுவரை ஒயர் எட்டுமா என்று கூட்டம் தொடங்குமுன் மைக்செட்காரரிடம் கேட்டுவிடுங்கள்.