பல ஊர்க்காரர்கள் வாழும் நகரத்தில் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

வரைபடச் செயலியில் மற்றவர்கள் கொடுத்த நட்சத்திர மதிப்பெண்ணை வைத்துத் தேடினால், எல்லாருக்கும் ஓரளவு பிடித்த கடைகள்தான் முதலில் வந்து நிற்கும். ஒரு சமூகம் தன் வீட்டுச் சமையலை எங்கே போய்ச் சாப்பிடுகிறது என்பது அந்தப் பட்டியலில் தெரியாது. அதனால் கடையைத் தேடும் முன் ஆட்களைத் தேடுங்கள். எந்தெந்தப் பகுதி மக்கள் உங்கள் நகரத்தில் குடியேறியிருக்கிறார்கள், எங்கே குடியிருக்கிறார்கள், எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

இதில் நம்பகமான துப்பு மளிகைக்கடை. ஒரு சமூகம் ஊரில் காலூன்றினால் அவர்களுடைய மசாலாவும் மாவும் விற்கிற கடை ஒன்று வந்துவிடும். அங்கே போய் "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்காதீர்கள், உங்களுக்கு எது ஒத்துவரும் என்று கடைக்காரர் நினைக்கிறாரோ அதைத்தான் சொல்வார். "வீட்டில் சமைக்காத நாளில் நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள், என்ன வாங்குவீர்கள்?" என்று கேளுங்கள். கடையின் பெயரைவிட என்ன வாங்குவார் என்ற பதில்தான் பின்னால் அதிகம் உதவும்.

வரைபடச் செயலியில் உணவின் பெயரை அந்த மக்களின் எழுத்திலேயே ஒட்டித் தேடுங்கள். அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் கருத்துகள் அப்போதுதான் மேலே வரும். கருத்துகளைப் 'புதியவை முதலில்' என்று மாற்றி, கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். சமையல்காரர் போய்விட்டால் பழைய பாராட்டு எதற்கும் உதவாது. 15 பேர் கொடுத்த 4.9-ஐ விட 600 பேர் கொடுத்த 4.3 மேல். "இடம் சின்னது, பரிமாற நேரமாகிறது" என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். வெவ்வேறு மாதங்களில் இரண்டு மூன்று பேர் "வயிற்றைக் கெடுத்தது" என்று எழுதியிருந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செயலிகளில் முகவரியையும் பாருங்கள். ஒரே முகவரியில் நாலைந்து பெயர்கள் இருந்தால் பெரும்பாலும் எல்லாம் ஒரே அடுப்பில் வேகிறது என்று அர்த்தம்.

இனி, பலரும் கோட்டைவிடும் இடம். நடுத்தர நகரத்தில் ஒரு சமூகத்தை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது, அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். அதனால் கடைக்காரர் மற்றவர்களுக்கும் பிடித்தமானதைச் சேர்த்துச் சேர்த்து, உணவுப் பட்டியல் நூறு வரிக்குப் போய்விடும். பெரிய நகரத்தில் இவ்வளவு நீளமான பட்டியலைப் பார்த்தால் எழுந்து வந்துவிடலாம். இங்கே அதற்குள்ளேதான் நல்லது ஒளிந்திருக்கும். சுவரில் கையால் எழுதி ஒட்டிய தாள், மொழிபெயர்க்காமல் விட்ட பக்கம், 'சனி, ஞாயிறு மட்டும்' என்ற வரி ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். உரிமையாளர் எந்தப் பகுதிக்காரர் என்று கேட்டு, அந்தப் பகுதிச் சமையலை மட்டும் வாங்குங்கள். பட்டியலில் அடுத்த நாட்டு உணவு இருந்தாலும் தொடாதீர்கள். அடிக்கடி விற்காத பண்டத்துக்கான பொருள் குளிர்பெட்டியில் நாள்கணக்கில் கிடக்கும்.

முதல் தடவை வார நாளில், மதியக் கூட்டம் தொடங்கும் நேரத்தில் போங்கள். மாலை நான்கு மணிக்குக் கடை காலியாக இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உட்காருவதற்கு முன் மற்ற மேசைகளை ஒரு பார்வை பாருங்கள். மூன்று மேசையில் ஒரே பண்டம் இருந்தால் அதுவே உங்களுக்கும். பொரிக்கும் எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல், கடை முழுக்கக் காறல் வாடை அடித்தால் பொரித்தது எதையும் வாங்காதீர்கள். நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளும் முறை என்றால் சூட்டைக் கவனியுங்கள். சமைத்த சூடான உணவு 60 பாகை செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் ஆவி எழ வேண்டும். மேலே ஆடை படிந்திருந்தால் வெகுநேரமாக அசையாமல் இருக்கிறது. கைகழுவும் இடத்தில் சோப்பு இல்லையென்றால் சமையலறையிலும் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

இரண்டு பேர் போனால் மூன்று பண்டம் போதும்: மளிகைக்காரர் சொன்னது ஒன்று, பக்கத்து மேசையில் பார்த்தது ஒன்று, அவர்கள் தினமும் சாப்பிடும் சாதமோ ரொட்டியோ ஒன்று. கடைசியாகச் சொன்னதை முதலில் தனியாகச் சாப்பிட்டுப் பாருங்கள். மசாலாவும் எண்ணெயும் அதில் குறையை மறைக்காது. சாதம் விறைத்து, ரொட்டி ஆறிப்போய் வந்தால் மற்றதிலும் அக்கறை இருக்காது. காரத்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற சந்தேகம் இருந்தால், "நீங்கள் சாப்பிடுகிற மாதிரியே கொடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிடித்திருந்தால் கடைப் பெயரோடு பண்டம், கிழமை, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேறு கிழமையில் போய் அதே பண்டத்தை வாங்குங்கள். சுவை மாறியிருந்தால் அடுப்படியில் அன்று வேறு ஆளாக இருக்கலாம். நன்றாகச் சமைத்தவர் எந்தக் கிழமைகளில் இருப்பார் என்று பரிமாறுகிறவரிடம் கேட்டு அதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.