காணிக் கணக்கும் மடைத் தண்ணீரும்: நெல் வயலில் உரம், களை மருந்து வீணாகும் இடங்கள்

சோழவரம், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தை இன்றும் காணியில்தான் சொல்வார்கள். மருந்து பாட்டிலில் இருப்பதோ ஏக்கர் அல்லது ஹெக்டேர் கணக்கு. முதல் தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. ஒரு காணி 1.32 ஏக்கர். களை மருந்தான பியூட்டாகுளோர் 50 ஈசி ஏக்கருக்கு 1 லிட்டர் என்றால் காணிக்கு 1.3 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டரோடு நிறுத்திவிட்டு ‘மருந்து சரியில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஹெக்டேர் அளவான 2.5 லிட்டரை ஏக்கரில் போட்டால் நட்ட பயிரே குன்றிப்போகும்.

பியூட்டாகுளோர் முளைக்கிற விதையைத்தான் அடக்கும், வளர்ந்து நிற்கும் புல்லை ஒன்றும் செய்யாது. எனவே நட்ட 3 முதல் 5 நாளுக்குள் ஏக்கருக்கு 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, ஓர் அங்குலத் தண்ணீர் நிற்கும்போது வீச வேண்டும். அடுத்த மூன்று நாள் மடையைத் திறக்கக் கூடாது. சம்பாவில் ஐப்பசி மழை வரப்பைத் தாண்டினால் நம் மருந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும். வானம் மூடியிருந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். இன்னொன்று, சேடை ஓட்டி (தண்ணீர் கட்டிச் சேறாக உழுது) மட்டப்படுத்தாத வயலில் தண்ணீருக்கு மேல் தலை நீட்டும் மேட்டில் மருந்து பிடிக்காது. இருபது நாள் கழித்துப் பார்த்தால் அந்த மேட்டில் மட்டும் புல் திட்டுத் திட்டாக நிற்கும்.

நேரடி விதைப்பு செய்தவர்கள் பாதுகாப்பான் (நெல் முளையைக் காக்கும் சேஃப்னர்) சேர்ந்த பிரெட்டிலாகுளோர் களை மருந்து என்று கேட்டு வாங்க வேண்டும். சாதா பாட்டிலை அடித்தால் நெல் முளையும் சேர்ந்து போகும்.

முளைத்து நிற்கும் களைக்கு அடிக்கும் பிஸ்பைரிபாக் சோடியம் 10 எஸ்சி விஷயத்தில் எல்லாம் தலைகீழ். நட்ட 15–20 நாளில், களை 2 முதல் 4 இலையில் இருக்கும்போது, தண்ணீரை வடித்துவிட்டு அடிக்க வேண்டும். புல் தண்ணீரில் மூழ்கியிருந்தால் மருந்து இலையில் படாது. ஏக்கருக்கு 100 மில்லி. 15 லிட்டர் டேங்க் பத்து பிடித்தால் டேங்குக்கு 10 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவுக் குப்பியில் எடுங்கள், விசிறி நாசில் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கட்டாவிட்டால் புதுக் களை முளைத்துவிடும்.

தப்பி நிற்கும் குதிரைவாலிப் புல்லைக் கையால் பிடுங்கும்போது நெல்லும் கூடவே வருவது வழக்கம். இலையும் தாளும் சேரும் இடத்தைப் பிரித்துப் பாருங்கள். நெல்லில் அங்கே வெள்ளைச் சவ்வு நாக்கு மாதிரி எழும்பியிருக்கும். குதிரைவாலியில் அந்த இடம் வெறுமை.

களை எடுத்த பிறகே மேலுரம். முந்தினால் யூரியாவைப் புல்தான் முதலில் தின்னும். ஆழமாகத் தேங்கிய தண்ணீரில் நடுப்பகலில் வீசுவதும் வீண், பாதிச் சத்து அமோனியாவாகக் காற்றில் போகலாம். வடித்து, சேறு தெரியும் பதத்தில் வீசி, மறுநாள் தண்ணீர் கட்டுங்கள்.

மண் பரிசோதனை செய்யாத சம்பா வயலுக்குப் பொதுவான அளவு ஏக்கருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 60, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 20, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 20 கிலோ. பலர் மறப்பது டிஏபியில் உள்ள தழைச்சத்தை. 50 கிலோ மூட்டையில் அது 9 கிலோ, அதாவது 20 கிலோ யூரியாவுக்குச் சமம். அதைக் கழிக்காமல் போட்டால் பயிர் கரும்பச்சையாகச் செழிக்கும், பின்னாலேயே குலைநோயும் புகையான் பூச்சியும் வரும், கதிர் முற்றும்போது பயிர் சாயும். தழைச்சத்தை நான்காகப் பிரித்து அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று கொடுங்கள்.

நட்ட மூன்றாம் வாரத்தில் கீழ் இலைகளில் துருப் புள்ளி வந்தால் அது பெரும்பாலும் துத்தநாகக் குறை, யூரியாவால் தீராது. 100 லிட்டர் தண்ணீரில் துத்தநாக சல்பேட் 500 கிராம், யூரியா 1 கிலோ கரைத்துத் தெளித்து, 15 நாள் கழித்துத் திரும்பவும் தெளிக்கலாம். அடியுரமாக ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடுவோர் டிஏபியோடு சேர்த்து வீச வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போடும். மீஞ்சூர்ப் பக்கம் கடல் உப்பேறிய போர் தண்ணீர் பாயும் வயலில் இலை நுனி வெளுத்துக் காய்ந்தால், உரத்துக்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள்.

அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடித்த டேங்கைக் கத்திரி, வெண்டைக்கு எடுக்கவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் ஒட்டியிருக்கும் துளி போதும், இலை முறுக்கிக்கொள்ளும். அதற்கென்று ஒரு பழைய டேங்கைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.