துடிக்கும் கீழிமையை அமைதிப்படுத்துவது எப்படி?

சென்ற ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தில் என் இடது கீழிமை மூன்று வாரங்கள் விட்டுவிட்டுத் துடித்தது. கண்ணாடியில் உற்றுப் பார்த்தால் இமைமுடிகளின் நுனி மட்டும் மெல்ல நடுங்கியது. எதிரே அமர்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, எனக்கோ முகமே ஆடுவது போலிருந்தது. பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்ல செய்தி வரும் என்று பெரியம்மா ஆறுதல் சொன்னார். எனக்கு அப்போது வேண்டியிருந்தது துடிப்பு நிற்பதற்கான வழி. அதைக் கண்டறிந்த முறையை, இப்போது இதே தொல்லையில் இருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு தசை இருக்கிறது. முக நரம்பின் தூண்டுதலால் அதன் சில இழைகள் தாமாகவே சுருங்கி விரிவதுதான் இமைத் துடிப்பு. தூக்கக் குறைவு, மன அழுத்தம், காஃபின், கண் வறட்சி, நெடுநேரம் திரையைப் பார்ப்பது, மது, புகைபிடித்தல் ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். இவற்றில் இரண்டு மூன்று பெரும்பாலும் ஒன்றாகவே சேர்ந்து வருவதால், ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டுப் பலன் இல்லையென்று சோர்ந்துவிடக் கூடாது.

முதலில், துடிக்கும்போது கைப்பேசியில் முழு முகமும் தெரியும்படி ஒரு நிமிடம் காணொளி எடுங்கள். ஒரு கண்ணின் இமை மட்டும் லேசாகத் துடித்தால் கீழே உள்ளவற்றைச் செய்யத் தொடங்கலாம். கன்னமும் உதட்டோரமும் சேர்ந்து இழுத்தாலோ, இரு கண்களும் தாமாகவே இறுக மூடிக்கொண்டாலோ, இமை தொங்கினாலோ, கண் சிவந்து வீங்கினாலோ வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். முகத்தின் ஒரு பக்கம் திடீரெனத் தளர்ந்து பேச்சும் குழறினால் அது இமைத் துடிப்பின் கதையே அல்ல. உடனே சிங்கப்பூரின் அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ அழையுங்கள்.

அடுத்தது காப்பி. நான் தடுக்கி விழுந்த இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். காப்பிக்கடையில் நான் கேட்டு வாங்குவது எப்போதும் ‘கோப்பி ஓ கோசோங்’, அதாவது பாலும் சீனியும் சேராத கடுங்காப்பி. அதனால் காஃபினைக் குறைவாகத்தான் குடிக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கோசோங் என்றால் சீனி இல்லை, சியூ டாய் என்றால் சீனி குறைவு. இரண்டும் காஃபினைக் குறைப்பதில்லை. தூளின் சாறு குறைந்து வருவது ‘போ’ என்று கேட்டால்தான். ‘காவ்’ என்றால் இன்னும் கெட்டியாக வரும். நம் காப்பிக்கடைகளில் பெரும்பாலும் பயன்படும் ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு காஃபின் உண்டு. நலமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், கருவுற்றிருக்கும் பெண்களுக்கு 200 மில்லிகிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. தேநீர், கோலா, சக்திப் பானம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

இதைப் படித்துவிட்டு ஒரு திங்கட்கிழமை நான்கு குவளைகளையும் ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாள் மதியம் நெற்றிப்பொட்டில் தலைவலி பிடித்துக்கொண்டது. பைக்குள் இருந்த வலி மாத்திரையை இரண்டு இரண்டாக மூன்று வேளை விழுங்கினேன். தலைவலி தணிந்தது, இமை மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அட்டையின் பின்புறத்தைப் படித்தபோதுதான் ஒவ்வொரு மாத்திரையிலும் பாராசிட்டமோலுடன் 65 மில்லிகிராம் காஃபின் இருப்பது தெரிந்தது. ஆறு மாத்திரைகளுக்கு 390 மில்லிகிராம்! ஆகவே மூன்று நாளைக்கு ஒரு குவளை என்ற கணக்கில் மெல்லக் குறையுங்கள், பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு குடிக்காதீர்கள், வலி மாத்திரை தேவைப்பட்டால் காஃபின் சேராததாகக் கேட்டு வாங்குங்கள்.

தூக்கத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. ஏழு மணி நேரம் வேண்டும்.

பிறகு வறட்சி. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, பாதி மூடித் திறப்பதும் நிகழ்கிறது. அதோடு குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் அடித்தால் கண்ணீர்ப்படலம் விரைவில் உலர்ந்து இமை உறுத்தத் தொடங்கும். காற்றுத் திசையை மாற்றுங்கள் அல்லது இருக்கையை நகர்த்துங்கள். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இருபது விநாடி, ஆறு மீட்டருக்கு அப்பால் பாருங்கள். வீட்டில் வேலை செய்யும் நாட்களில் நான் எதிர் அடுக்குமாடி புளோக்கில் காயும் துணிகளைப் பார்ப்பேன். அப்போதே பத்து முறை இமைகளை முழுமையாக மூடித் திறந்துவிடுங்கள்.

சொட்டு மருந்தில் என் பரிந்துரை, பதப்பொருள் சேராத, ஒருமுறை பயன்படுத்தும் சிறு குப்பிகளில் வரும் செயற்கைக் கண்ணீர். விலை கூடுதல்தான், ஆனாலும் அடிக்கடி விட வேண்டியவர்களுக்கு அதுவே நல்லது. கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தை இதற்காக வாங்காதீர்கள்; அது இரத்தக் குழாய்களைச் சுருக்குமே தவிர வறட்சியைத் தீர்க்காது. தலையைப் பின்னே சாய்த்து, கீழிமையை மெல்ல இழுத்து, குப்பியின் நுனி படாமல் ஒரே ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடியிருங்கள்.

இரவில் வெந்நீர் ஒத்தடம். ஈரத்துணி ஓரிரு நிமிடங்களில் ஆறிவிடுவதால் எனக்கு அது ஒத்துவரவில்லை. சுத்தமான பருத்திக் காலுறையில் அரைக் குவளை அரிசியை இட்டு முடிச்சுப் போட்டு, மைக்ரோவேவில் முப்பது விநாடி சூடாக்குகிறேன். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்து இதமான சூடுதானா என்று பார்த்த பிறகே மூடிய இமைமேல் வைக்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும், அழுத்தக் கூடாது. (பிற்சேர்க்கை: தொடுவில்லையை (காண்டாக்ட் லென்ஸ்) கழற்றாமலே ஒத்தடம் கொடுத்ததாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.)

மக்னீசியம் மாத்திரை வாங்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தாலொழிய வேண்டாம் என்பேன்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது உடலில் தேங்கிக் கெடுதல் செய்யக்கூடும்.

இவற்றையெல்லாம் செய்யத் தொடங்கிய பதினொன்றாம் நாள் எனக்குத் துடிப்பு நின்றது. சிலருக்குச் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள் ஆகும். இத்தனையும் செய்து இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகும் தொடர்ந்தால் பலதுறை மருந்தகத்திற்கு (பாலிகிளினிக்) செல்லுங்கள். தேவையென்றால் அங்கிருந்தே சிங்கப்பூர் தேசியக் கண் நிலையம் போன்ற இடத்திற்கு, கட்டணச் சலுகையுடன் அனுப்பி வைப்பார்கள். முகத்தின் ஒரு பாதி இழுக்கும் நோயில் பெரும்பாலும் இரத்தக் குழாய் ஒன்று முக நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும். அதற்கும், கண்கள் இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும் தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி போடுகிறார்கள், அதன் பயன் மூன்று நான்கு மாதங்கள் நிற்கும். செல்லும்போது முதலில் எடுத்த காணொளியையும், நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் இமை அடங்கிவிடுவது உண்டு; அப்போது அந்த ஒரு நிமிடக் காணொளிதான் உங்களுக்காகப் பேசும்.