புளியமர உச்சிக்குப் போகும் வெளிச்சம்: செனான் ஹெட்லைட் மாட்டுவதில் நடக்கும் தவறுகள்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இரவில் கார் ஓட்டியவர்களிடம் நல்ல ஹெட்லைட் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. ஊரைத் தாண்டினால் இருட்டு. பின்விளக்கு எரியாத டிராக்டர் டிரெய்லர், ரோட்டோரம் நிற்கும் மாடு, கறுப்புச் சட்டையோடு சைக்கிளில் வருபவர் என்று எல்லாமே கடைசி நொடியில்தான் கண்ணில் படும். அந்தப் பயத்தில்தான் சில வருடங்களுக்கு முன்பு என் பழைய காரில் நானும் ஒரு செனான் கிட் மாட்டினேன், அதாவது சாதாரண பல்புக்குப் பதிலாக, வாயுவுக்குள் மின்வில் எரியும் பிரகாசமான பல்பும் அதற்கான மின்பெட்டியும்.

மாட்டி இரண்டு வாரம் இருக்கும். இண்டூரில் டீ குடிக்க நிறுத்தினோம். லைட்டை அணைக்காமல் இறங்கிவிட்டேன். எதிரே வண்டியை ஓரங்கட்டியிருந்த ஒரு டெம்போ டிரைவர் பக்கத்தில் வந்து, "தம்பி, கோவிச்சுக்காதீங்க. உங்க வண்டிக்கு எதிர்ல போய் ஒரு தடவை நின்னு பாருங்க" என்றார். ஐம்பது அடி தள்ளிப் போய் நின்றேன். வண்டி டிம்மில்தான் இருந்தது, ஆனாலும் கண்ணைத் திறக்க முடியவில்லை. காரின் பக்கத்திலேயே நின்ற என் மனைவி தெரியவே இல்லை. திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் இருந்த புளியமரத்தின் உச்சிக்கிளை வரை இலை இலையாகத் தெரிகிறது. ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சத்தை என் கார் மரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

முதல் தவறும் பெரிய தவறும் அதுதான்: ஹாலஜனுக்காக, அதாவது இழை எரியும் வழக்கமான பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டருக்குள் (பல்பின் பின்னால் இருக்கும் பளபளப்பான கிண்ணம்) செனான் பல்பைச் செருகுவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கிட் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஹெட்லைட்டில் பல்பும் ரிஃப்ளெக்டரும் பூட்டும் சாவியும் மாதிரி. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இருப்பது எச்4 பல்பு. அதற்குள் இரண்டு இழைகள், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. டிம் இழைக்கு அடியில் சின்னக் கரண்டி போல ஒரு தகடு இருக்கும். கீழ்ப்பக்கமாகப் போகும் வெளிச்சத்தை அந்தத் தகடு மறைத்துவிடும், அதனால் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு, வெளிச்சம் தரையை நோக்கி இறங்கும். எதிரே வருபவர் கண்ணைக் காப்பாற்றுவது அந்தத் துளித் தகடுதான். இழை ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலும் இந்தக் கணக்கு கலைந்துவிடும்.

செனான் பல்பில் இழையே கிடையாது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே, சுமார் 4 மில்லிமீட்டர் இடைவெளியில், வாயுவுக்குள் ஒரு மின்வில் எரிகிறது. அந்த வில் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும், முனைகளுக்குப் பக்கத்தில் பிரகாசம் அதிகமாக இருக்கும். ரிஃப்ளெக்டர் எதிர்பார்க்கும் வடிவமும் இடமும் வேறு, இது வேறு. அதோடு அளவையும் பாருங்கள். எச்4 பல்பு டிம்மில் தருவது சுமார் 1000 லூமென் (வெளிச்சத்தின் அளவு), 35 வாட் செனான் தருவது சுமார் 3200. தவறான திசையில் போகும் வெளிச்சமும் மூன்று மடங்காகிவிடுகிறது. 1991-இல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் காரில் செனான் முதன்முதலாக வந்தபோதே, அதற்கென்று தனியாகச் செய்த ஹெட்லைட்டோடுதான் வந்தது. இவ்வளவு வலுவான விளக்குக்கு, பாரத்துக்கு ஏற்பத் தானாக இறங்கி ஏறும் அமைப்பும் கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. நாம் அது எதுவும் இல்லாமல் பல்பை மட்டும் மாற்றுகிறோம்.

எச்4-க்கான செனான் கிட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒரே மின்வில்லை வைத்து டிம், பிரைட் இரண்டையும் காட்ட வேண்டும் என்பதால், ஒரு சின்ன மின்காந்தம் பல்பை முன்னும் பின்னும் இழுக்கும். நம் ரோட்டுப் புழுதியிலும் ஆட்டத்திலும் அது நாளடைவில் தளர்ந்துவிடும், சில சமயம் சிக்கிக்கொள்ளும். என்னுடையது இடது பக்கம் பிரைட்டிலேயே நின்றுவிட்டது. உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்கு அது தெரியாது, எதிரே வருபவர் விடாமல் டிப் அடித்துக் காட்டினால்தான் தெரியும்.

"எனக்கு நல்லா தெரியுதே" என்று பலர் சொல்வார்கள். நானும் சொன்னேன். வண்டிக்கு முன்னால் இருபது முப்பது அடியில் ரோடு வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால், கண்மணி சுருங்கிவிடும். அப்போது தூரத்து இருட்டு முன்பைவிடக் கறுப்பாகிவிடும். மாடு நிற்பது அந்தத் தூரத்தில்தான். கிட்டத்து வெளிச்சம் தரும் தைரியத்தில் வேகத்தையும் கூட்டிவிடுகிறோம்.

அடுத்தது நிறம். 8000 கெல்வின், 12000 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது கூடுதல் வெளிச்சம் என்று நினைக்காதீர்கள். கெல்வின் என்பது நிறத்தின் கணக்கு. கம்பெனியிலேயே செனானோடு வந்த கார்களில் பெரும்பாலும் இருப்பது 4300 கெல்வின் அளவில், லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. அதற்கு மேலே ஏற ஏற நீலம் கூடும், கண்ணுக்குப் பயன்படும் வெளிச்சம் குறையும். மார்கழி தை விடியற்காலையில் கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் போய்ப் பாருங்கள். பனிமூட்டத்தில் நீல வெளிச்சம் முன்னால் ஒரு வெள்ளைத் திரையைத்தான் தொங்கவிடும். 55 வாட் கிட் வாங்குவதும் இதே வகைத் தவறு. கண்கூச்சமும் சூடும்தான் கூடும்.

தொப்பூர் கணவாயில் இதன் இன்னொரு பக்கம் இருக்கிறது. அங்கே நடுத்தடுப்பு இருப்பதால் எதிரே யாரும் இல்லை, பிரச்சினை இல்லை என்று தோன்றும். ஆனால் நமக்கு முன்னால் லோ கியரில் இறங்கும் லாரியின் பக்கக் கண்ணாடி முழுக்க நம் வெளிச்சம் நிரம்பிவிடும். பாரத்தோடு அந்தச் சரிவில் இறங்குபவருக்கு, பக்கத்தில் எந்த வண்டி வருகிறது என்று கண்ணாடியில் தெரிந்தே ஆக வேண்டும்.

"சரி, அப்ப புரொஜெக்டர் வெச்சுக்கலாமா" என்று கேட்பீர்கள். செனானுக்கென்றே செய்த புரொஜெக்டரை, அதாவது உருண்டை லென்ஸ் வைத்த விளக்கை, ஹெட்லைட்டைப் பிரித்து உள்ளே பொருத்துவது, ரிஃப்ளெக்டரில் பல்பைச் செருகுவதைவிட எவ்வளவோ மேல். அதிலும் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு நேர்கோடாக இருக்காது, ஒரு பக்கம் கொஞ்சம் மேலே ஏறும். ரோட்டோரத்தில் நடப்பவரையும் பெயர்ப்பலகையையும் காட்டுவதற்காக வைத்தது அது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அதனால் இடப்பக்கம் ஏற வேண்டும். ஆன்லைனில் வரும் புரொஜெக்டர்களில் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானவையும் கலந்திருக்கும். அதை மாட்டினால் ஏறுகிற பகுதி நேராக எதிரே வருபவர் முகத்தில் போய் விழும். காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வயரிங் விஷயத்துக்கு வருகிறேன். கிட்டோடு வரும் மின்பெட்டிதான் பேலஸ்ட். பல்பு எரிய ஆரம்பிக்கும்போது அது 20,000 வோல்ட்டுக்கும் மேலே ஒரு துடிப்பைப் பல்புக்கு அனுப்பும். உயிருக்கே ஆபத்தான விஷயம் இது, லைட் சுவிட்சை அணைக்காமல் கப்ளரை (வயர்களைச் செருகி இணைக்கும் பிளக்) தொடவே கூடாது. பேலஸ்டிலிருந்து பல்புக்குப் போகும் வயர் நீளம் போதவில்லை என்று வெட்டி, ஒட்டு போட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வயரில் கை வைக்காதீர்கள், பேலஸ்டை நகர்த்தி வையுங்கள். எஞ்சின் சூடும் மழைத்தண்ணீரும் படாத இடமாகப் பார்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். டேக் போட்டுத் தொங்கவிட்டால் ஆடி ஆடியே கப்ளர் தளர்ந்துவிடும்.

ஓடும்போது ஒரு பேலஸ்ட் மூன்று நான்கு ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் எரியத் தொடங்கும் சில நொடிகளில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். அதனால் பேட்டரியிலிருந்து நேராக, ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போட்டு எடுக்க வேண்டும். எர்த் வயரை பெயின்ட் மேல் வைத்து முடுக்கினால் லைட் சிமிட்டும், சுரண்டி இரும்பு தெரிந்த இடத்தில் முடுக்குங்கள். வண்டி ஸ்டார்ட் ஆன பிறகே லைட்டைப் போடுங்கள். பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொட வேண்டாம்.

ஹெட்லைட்டின் பின்மூடியில் ஓட்டை போட்டு வயரை விட்ட பிறகு ஓட்டையை அடைக்கும் ரப்பர் கிராமெட்டைச் சரியாக உட்கார வைக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஐப்பசி மழை முடிவதற்குள் உள்ளே ஆவி கட்டி, ரிஃப்ளெக்டரின் பூச்சு மங்கிவிடும். அதற்குப் பிறகு எந்தப் பல்பு போட்டும் பயனில்லை.

சட்டமும் இதில் சாதகமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கடையில் மாட்டிக் கொடுக்கிறார்கள் என்பதால் அது அனுமதியாகிவிடாது.

என் கார் லைட்டைச் சரிசெய்தது கடைசியில் ஒரு பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியன். கிட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஹாலஜன் பல்பின் கப்ளரில் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். பேட்டரியில் 13 வோல்ட்டுக்கு மேல் இருக்க, பல்பில் 12-கூட இல்லை. "வெளிச்சத்த வயரு தின்னுடுச்சுங்க" என்றார். ஹாலஜனில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். தடிமனான வயரில் ரிலே போட்டுக் கொடுத்தார், மஞ்சளாகிப்போன முன்கண்ணாடியைப் பாலிஷ் செய்தார், இரண்டு பல்பையும் சேர்த்துப் புதிதாக மாற்றினார். அன்று இரவே பென்னாகரம் ரோட்டில் வித்தியாசம் தெரிந்தது. அதற்காக 100/90 வாட் ஹாலஜன் போட்டுக்கொள்ளாதீர்கள், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும்.

எந்த விளக்கானாலும் மாட்டியதும் ஏமிங் பார்க்க வேண்டும். இதை விட்டுவிடுபவர்களே அதிகம். சமதளத்தில், டயர் காற்றைச் சரிபார்த்து, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஓட்டுபவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதைவிட 10 சென்டிமீட்டர் கீழே சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம்மின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட உருளை இருந்தால் இதை 0-வில் வைத்துப் பாருங்கள். ஐந்து பேரும் டிக்கி நிறைய மாம்பழக் கூடையுமாகக் கிளம்பும்போது எண்ணைக் கூட்டுங்கள். பின்பக்கம் அமுங்கினால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும்.

கிட் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது, உடனே கழற்ற முடியாது என்பவர்கள் குறைந்தபட்சம் கம்பெனி கப்ளரை வெட்டாமல் வைத்திருங்கள். கழற்றிய ஹாலஜன் பல்புகளைப் பேப்பரில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள். ஒகேனக்கல் இறக்கத்தில் ஒரு பக்கப் பேலஸ்ட் போய்விட்டால், அவற்றைச் செருகிப் பத்து நிமிடத்தில் இரண்டு கண்ணோடு வீடு வந்துவிடலாம்.