கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ஜனவரி பிறந்துவிட்டால் மதுரைக் கல்லூரிகளில் கருத்தரங்குக் காலம் தொடங்கிவிடும். தெப்பக்குளம், கோரிப்பாளையம், நாகமலை என்று எந்தப் பக்கம் போனாலும் வாசலில் ஒரு வரவேற்பு பேனர் தொங்கும். முனைவர் பட்ட மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களும் ஃபைலைக் கையில் பிடித்தபடி அமர்வு நடக்கும் அறையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பல வருடங்களாக இந்த அமர்வுகளில் உட்கார்ந்து கேட்டுவருகிறேன். நல்ல உழைப்பு சின்னத் தவறுகளால் வீணாவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான தவறுகள் தலைப்பு வைக்கும்போதே நடந்துவிடுகின்றன. 'மதுரை நெசவாளர்களின் வாழ்வியல்' என்று ஒரு தலைப்பு. கிடைப்பது பத்து நிமிடம். அதற்குள் குடியேற்ற வரலாறு, தறி, கூட்டுறவுச் சங்கம், திருமணச் சடங்கு, உணவு எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியில் தொட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். கேட்டவர்களுக்கு எதுவும் மிஞ்சாது. அதையே 'சுங்குடிச் சேலைக்கு வீட்டிலிருந்து முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் பெண்களுக்குக் கூலியை யார் முடிவு செய்கிறார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். எந்தத் தெருவுக்குப் போக வேண்டும், யாரிடம் பேச வேண்டும், எதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் முடிச்சுப் போடுகிறவரின் கூலி கூடியதா என்பது இன்னொரு கேள்வி. அதை அடுத்த கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி தாராளம்.

ஆய்வுச் சுருக்கத்திலும் இதே கதைதான். 'தமிழர் பண்பாடு தொன்மையானது' என்று ஆரம்பித்து, 'இக்கட்டுரை இதனை ஆராய முற்படுகிறது' என்று முடித்துவிடுகிறார்கள். என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதைக் காணோம். எத்தனை பேரிடம் பேசினீர்கள், எந்த ஆவணத்தைப் பார்த்தீர்கள், என்ன தெரியவந்தது? இந்த மூன்றுக்கும் சுருக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும். பல இடங்களில் தேர்வுக்குழு படிப்பது அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான்.

அப்புறம், சான்றுகளைக் கையாளும் விதம். மதுரையில் எந்தக் கருத்தரங்கு நடந்தாலும் கீழடி வராமல் இருக்காது. வரட்டும், அது நமக்குக் கிடைத்த பெரிய செல்வம். ஆனால் 'கீழடியில் கிடைத்த பொருட்கள் எல்லாம் கி.மு. 580-ஐச் சேர்ந்தவை' என்று பலர் ஸ்லைடில் போடுகிறார்கள். 2019-ல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. கரிமப் பகுப்பாய்வுக்குப் போன ஆறு மாதிரிகளில், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒன்றுக்குத்தான் கி.மு. 580 என்ற காலம் வந்தது. 200 செ.மீ. ஆழத்தில் எடுத்த இன்னொன்றுக்குக் கி.மு. 205. நீங்கள் பேசும் பானை ஓடு எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று சொன்னால்தான் அதன் காலத்தைப் பற்றிப் பேச முடியும். கீழடி இருப்பது சிவகங்கை மாவட்டத்தில் என்பதையும் சிலர் மறந்து 'மதுரை மாவட்டம்' என்று எழுதிவிடுகிறார்கள். நாளிதழ்ச் செய்தியைப் பார்த்து எழுதுவதால் வரும் தவறுகள் இவை. மூல அறிக்கையைக் கையில் எடுத்துப் படியுங்கள். அரைநாள் ஒதுக்கினால் போதும்.

களத்துக்குப் போய் வந்தவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம்மிடம் பேசியவர்களின் பெயர், ஊர், சாதி, முகம் தெரியும் புகைப்படம் என எல்லாவற்றையும் திரையில் போட்டுவிடாதீர்கள். 1980-களில் பெண் சிசுக்கொலை பற்றிய செய்திகள் வந்தபோது உசிலம்பட்டி என்ற ஊர்ப் பெயர் நாடு முழுக்கப் பரவியது. அந்தப் பெயரின் சுமையை அதில் சம்பந்தமே இல்லாத குடும்பங்களும் சுமந்தன. உங்கள் அமர்வில் முப்பது பேர்தான் இருப்பார்கள், சரி. அதில் ஒருவர் அந்த ஊர்க்காரராக இருந்தால்? ஒருவருடைய கடன், வியாதி, குடும்பச் சண்டை பற்றிப் பேசும்போது பெயரை மாற்றுங்கள். ஊரை அடையாளம் காட்டாதீர்கள். அவர் சம்மதம் இல்லாமல் படம் போடாதீர்கள்.

பிறர் எழுத்தை எடுத்தாள்வது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறை தெளிவாக இருக்கிறது. ஏற்கெனவே வெளியான எழுத்தோடு பத்து சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை கிடையாது. அதற்கு மேல் போகப் போக நடவடிக்கையும் கடுமையாகும். தமிழ்க் கட்டுரையை மென்பொருள் பிடிக்காது என்று சிலர் துணிந்து எடுத்துவிடுகிறார்கள். சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஆய்வேடுகள் எல்லாரும் படிக்கத் திறந்து கிடக்கின்றன. உங்கள் அமர்வுத் தலைவரே அந்த ஆய்வேட்டின் நெறியாளராக இருக்கலாம்.

எங்கே அனுப்புவது என்பதிலும் ஏமாந்துவிடக் கூடாது. வணிகவியல், இயற்பியல், தமிழ், யோகா என்று இருபது துறைகளை ஒரே அழைப்பிதழில் போட்டு, மூன்று நாளில் ஏற்புக் கடிதம் தந்து, கட்டணத்தை முதலில் கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள். ஐஎஸ்பிஎன்னோடு வெளியிடுகிறோம் என்பார்கள். அது புத்தகத்துக்கான அடையாள எண். தரத்துக்குச் சான்றாகாது. 'யுஜிசி கேர் பட்டியல் இதழில் வெளியிடப்படும்' என்று இன்னும் விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. யுஜிசி ஏற்ற ஆய்விதழ்களின் அந்தப் பட்டியலை 2025-ல் அதுவே கைவிட்டுவிட்டது. முனைவர் பட்டத்துக்குக் கருத்தரங்கில் இரண்டு கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்ற 2016-ம் ஆண்டுக் கட்டாயமும் 2022 விதிமுறையில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைக்காக ஓடுவதை விட்டு, ஒரே கருத்தரங்குக்கு நன்றாகத் தயாராகலாம்.

எழுத்துரு விஷயம் சின்னதுதான், ஆனால் அடிக்கடி மானத்தை வாங்கும். வீட்டில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை, அந்த எழுத்துரு இல்லாத அரங்கத்தின் கணினியில் திறந்தால் ஒரு எழுத்தும் தமிழாக வராது. யுனிகோடில் எழுதுங்கள், பிடிஎஃப் பிரதி ஒன்றையும் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றி. என் முதல் கருத்தரங்கில் பதினான்கு பக்கக் கட்டுரையோடு போனேன். முன்னுரையும் முன்னாய்வுகளும் முடிவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். நான்கு மாதம் அலைந்து சேர்த்த தகவல்களில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கண்டுபிடித்ததை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வாய்விட்டுப் பேசிப் பார்த்து, எட்டு நிமிடத்தில் முடிகிற அளவுக்கு வெட்டுங்கள். 'நேரமின்மை காரணமாக' என்ற வார்த்தை உங்கள் வாயில் வரவே கூடாது.

கேள்வி நேரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பதில் தெரியாவிட்டால் 'அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை ஐயா, பார்க்கிறேன்' என்று சொல்லி, அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். தன் முறை முடிந்ததும் சான்றிதழை வாங்கிக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் பஸ் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அடுத்து வாசிக்கிறவர் உங்கள் தலைப்பிலேயே பத்து வருடம் உழைத்தவராக இருக்கலாம். தேநீர் இடைவேளையில் அவரிடம் பேசினால் கிடைக்கும் விஷயம் எந்த நூலகத்திலும் கிடைக்காது.

கருத்தரங்குக் கட்டுரைகளின் தொகுப்பான ஆய்வுக்கோவைக்கு உங்கள் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன்னால், தகவல் தந்தவர்களிடம் ஒருமுறை எடுத்துப்போய் வாசித்துக் காட்டுங்கள். இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு. எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, முடிச்சுப் போடும் பெண்கள் நால்வரிடம் போய் வாசித்தார். மூன்றாவது பக்கத்தில் ஒரு அம்மா நிறுத்தி, "கூலிக் கணக்கு சரிதான் தாயி, ஆனா நூல் நாங்கதான் வாங்குறோம், அதை எழுதலையே" என்றார். அந்த நூல் செலவைக் கழித்துத் திருத்திய பிறகுதான் அந்த மாணவி கட்டுரையைக் கொடுத்தார்.