துணிக் கறையை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணியில் ஏதாவது சிந்தியவுடன் பெரும்பாலோர் முதலில் செய்வது, கைக்குக் கிடைத்த துணியை நனைத்து அழுத்தித் தேய்ப்பதுதான். தேய்க்கத் தேய்க்க, மேலாக நின்ற திரவம் இழைகளுக்குள் இறங்கிப் பக்கவாட்டிலும் பரவுவதோடு, இழைகளும் பிசிறெடுத்துவிடுகின்றன. கறை போன பிறகும் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரிவது இதனால்தான். சட்டைப் பையில் கசிந்த பந்துமுனைப் பேனா மையை ஈரக் கைக்குட்டையால் துடைக்கப் போய், கடுகளவு புள்ளியை உள்ளங்கை அகலத்துக்கு நானே ஒரு முறை பரப்பியிருக்கிறேன். அந்த மை தண்ணீருக்கு மசியாது, ஆல்கஹாலில் கரையும். கறை பட்ட பக்கம் கீழே இருக்குமாறு ஒரு வெள்ளைத் துணி மடிப்பின் மேல் சட்டையை விரித்து, பின்புறத்திலிருந்து ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒற்றினால், மை கீழே உள்ள மடிப்பில் இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம். மடிப்பை அவ்வப்போது மாற்றாவிட்டால், இறங்கிய மை மறுபடியும் சட்டைக்கே ஏறும்.

இதைவிடப் பெரிய தவறு, எந்தக் கறையானாலும் வெந்நீரை ஊற்றுவது. இரத்தம், முட்டை, பால் ஆகியவற்றில் புரதம் உண்டு. சூடு பட்டதும் முட்டையின் வெள்ளைக்கரு எப்படி இறுகுகிறதோ, அப்படியே இந்தப் புரதமும் இறுகி இழையைப் பற்றிக்கொள்கிறது. குளிர்ந்த நீரைக் கறையின் பின்புறத்திலிருந்து ஓடவிட்டு, பிறகு நொதி கலந்த சலவைத் தூளில் ஊறவைத்தால் பெரும்பாலும் போதும். ஆனால் பட்டும் கம்பளியும் புரத இழைகளே என்பதால், கறையைச் சிதைக்கும் அதே நொதி அவற்றையும் அரிக்கக்கூடும். அவற்றுக்கு மென்மையான சோப்பு நீரே ஏற்றது. கறை சற்றே தெரியும் துணியை, ‘அடுத்த சலவையில் போய்விடும்’ என்று எண்ணி இஸ்திரி போடுவதும் இதே வகைத் தவறுதான்.

எண்ணெய்க் கறைக்கு வெறும் தண்ணீர் எந்தப் பயனும் தராது. முகப்பவுடரையோ சோளமாவையோ தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி, துணி தாங்கும் அளவு சூடான நீரில் அலச வேண்டும். பால் கலந்த தேநீர் சிந்தினால் சாயமும் புரதமும் கொழுப்பும் ஒன்றாகப் படிகின்றன. அங்கே குளிர்ந்த நீருக்கே முதலிடம்.

வெள்ளைத் துணிதானே என்று எடுத்தவுடன் குளோரின் பிளீச்சை ஊற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். துருக் கறையை அது நீக்குவதில்லை, மாறாக நிலைக்கச் செய்கிறது. அக்குளில் படிந்த வியர்வைக் கறையை மேலும் மஞ்சளாக்கக்கூடும். பட்டையும் கம்பளியையும் பாழாக்கிவிடும். ஒன்றில் போகவில்லை என்று அதன் மேலேயே இன்னொன்றை ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்: பிளீச்சுடன் வினிகர் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு உண்டாகும். கதவு சாத்திய குளியலறையில் இது துணியின் பிரச்சினையாக நின்றுவிடாது.

எந்தத் திரவத்தையும் முதலில் உட்புறத் தையலோரத்தில் ஒரு சொட்டு விட்டுச் சோதிப்பது நல்லது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன், அசிடேட் என்ற செயற்கை இழைத் துணியையே கரைத்துவிடும் என்பதால், அதைத் தொடும் முன் துணியின் லேபிளையும் பார்த்துவிட வேண்டும்.

கறையைக் காயும் முன்பே கவனிக்க வேண்டும் என்பதற்குச் சேறு மட்டும் விதிவிலக்கு. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அப்பிக்கொள்ளும்; நன்றாகக் காயவிட்டு, உதறி, பிரஷால் தட்டியெடுத்த பிறகே தண்ணீரில் போட வேண்டும்.