வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம்தான் வழக்கம் என்பதால், கணக்குப் பிரிவில் இருக்கும் என் போன்றவர்களுக்கு அன்று தலை நிமிர நேரமிருக்காது. இது நன்றாகத் தெரிந்திருந்தும், சனி ஞாயிறுகளில் மட்டும் தொடர்பு வகுப்பு என்ற நேரடி வகுப்பு நடக்கும் ஒரு தொலைநிலை எம்.காம். படிப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது 34, பையன் நான்காம் வகுப்பு. எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்பதற்கு மேல் என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. முதல் தேர்வில் ஐந்து தாள் எழுதி இரண்டில் தேறினேன். மூன்று அரியர்.

பிறகு ஒருவழியாக முடித்துவிட்டேன். ஆனால் அந்த முதல் வருடத்தில் செய்த தவறுகளை எனக்குப் பின்னால் சேர்ந்த நான்கைந்து பேரும் அப்படியே வரிசை மாறாமல் செய்ததைப் பார்த்தபோதுதான், இது என் தனிப்பட்ட முட்டாள்தனம் இல்லை என்று புரிந்தது. எல்லாருமே நேரமில்லை என்றுதான் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் நேரம் இருக்கத்தான் செய்தது. அதைப் பையனும் மாமியாரும் வீட்டு வேலையும் என் தூக்கமும் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் கேட்காமல் எடுத்தேன். எடுத்த வேகத்தில் பிடுங்கிக்கொண்டார்கள்.

மணிக்கணக்கு போடாமல் சேர்வது

கட்டணத்தைத் தவணைவாரியாகக் கணக்குப் பார்ப்பவர்கள் மணியைக் கணக்குப் பார்ப்பதில்லை. இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பாடத்தின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் சொல்வார்கள்; ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். 64 கிரெடிட் கொண்ட ஒரு முதுகலைப் படிப்புக்கு 1920 மணி. இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் வாரத்துக்குப் பதினெட்டரை மணி, அதாவது பண்டிகை, காய்ச்சல், கல்யாணம் எதுவும் பார்க்காமல் தினமும் இரண்டே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு ராத்திரி எட்டரைக்குக் கிளம்புகிறவரால் இது முடியுமா? முடியாது. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே படிப்பை நான்கு வருடம் வரை நீட்டிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. நீட்டினால் கணக்கு ஒரு மணி இருபது நிமிடத்துக்கு இறங்கிவிடும். ஆனால் நாம் கௌரவத்துக்காக எல்லாத் தாளையும் ஒரே மூச்சில் எழுதுகிறோம்; விழுந்த தாள்களுக்கு மறுபடி கட்டணம் கட்டி, அதே நான்கு வருடத்தில்தான் முடிக்கிறோம். வேலையில் இருப்பவர் ஒரு தேர்வுக் காலத்தில் மூன்று தாளுக்கு மேல் தொடாமல் இருப்பது நல்லது என்பது என் கட்சி. எல்லாத் தாளையும் ஒரே மூச்சில் எழுதித் தேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சமையல் யார் செய்தார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஒளித்துப் படிப்பது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். தோற்றால் கேலி செய்வார்கள் என்று ஆறு மாதம் அலுவலகத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை. தொலைநிலைத் தேர்வுகள் பள்ளிப் பரீட்சை போல ஒரே வாரத்தில் முடிவதில்லை. ஒரு மாதத்துக்கு மேல்கூட இழுக்கும். இன்று ஒரு தாள், ஒன்பது நாள் கழித்து அடுத்தது, அதுவும் வேலை நாளில். ஹால் டிக்கெட் கைக்கு வந்த பிறகு ஐந்து தனித்தனி நாளுக்கு விடுப்புக் கேட்டு மேனேஜர் முன்னால் போய் நின்றேன். ஷிப்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்த வாரம் அது. அவர் கோபப்படவில்லை. மேசை நாட்காட்டியைத் திருப்பி என் பக்கம் வைத்தார். “நீயே பார் கண்ணு, எதை விடலாம் சொல்” என்றார். சிவப்பு மையில் வட்டமிட்ட ஷிப்மென்ட் தேதிகளில் இரண்டு என் தேர்வு நாட்கள். இரண்டாம் தாளைப் பாதியில் விட்டுவிட்டு, மதியம் ஒன்றரை மணிக்குக் கம்பெனிக்குத் திரும்பினேன். அந்தத் தாள் அரியர்.

அடுத்த முறை மூன்று மாதம் முன்பே போனேன். தேதி தெரியாது, மாதம் மட்டும்தான் தெரியும் என்று சொல்லி, அதற்கு ஈடாக அந்த மாதத்துக்கு முந்தைய நான்கு ஞாயிறும் வந்து வேலை செய்வதாகச் சொன்னேன். உடனே கிடைத்தது. சம்பள வேலையைச் சனிக்கிழமைகளில் பார்த்துக்கொள்ளக் கூடவே இருந்த ஒரு தம்பியைப் பழக்கினேன். கொஞ்ச காலத்தில் அவனும் படிப்பில் சேர்ந்துவிட்டான், அது வேறு கதை.

வீட்டிலும் இதே கதைதான். பொதுவாகச் சொல்லி வைப்பது பத்தாது. எந்த வேலை யார் கைக்கு மாறுகிறது என்று பெயர் சொல்லிப் பேசிவிட வேண்டும். “நான் படிக்கப் போகிறேன் அத்தை” என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. “செவ்வாய், வியாழன் ராத்திரிக்கு நான் சமைக்க மாட்டேன், இட்லி மாவு இருக்கும்” என்று சொன்னபோதுதான் பேச்சே தொடங்கியது. இரண்டு நாள் அத்தையின் முகம் வாடியிருந்தது. பிறகு செவ்வாய்க்கிழமை என் கணவரின் இட்லிக்கிழமை ஆகிவிட்டது. ஜூன் தேர்வு எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துப் பேச வேண்டும்: பள்ளி திறப்பது, பீஸ், சீருடை, புத்தகத்துக்கு அட்டை போடுவது எல்லாம் அந்த மாதத்தில்தான் வந்து விழும்.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு ஒளிப்பது இன்னும் ஆபத்து. துறையின் முன் அனுமதி இல்லாமல் வாங்கிய பட்டத்தைப் பணிப் பதிவேட்டில் ஏற்றுவதே பெரும்பாடு.

எதற்கு இந்தப் பட்டம் என்று கேட்காமல் இருப்பது

பக்கத்து மேசைக்காரர் சேர்ந்தார், நானும் சேர்ந்தேன் என்பதில் தொடங்குகிறது பாதி அரியர். பதவி உயர்வா, வேறு வேலையா, அரசுத் தேர்வா என்று முதலில் தெளிய வேண்டும். பட்டம் வாங்கினால் சம்பளம் கூடும் என்ற பழைய நினைப்பில் சேர்கிற அரசு ஊழியர்கள் இன்னும் இருக்கிறார்கள். உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வைத் தமிழக அரசு 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது.

அங்கீகாரத்தை விளம்பர நோட்டீஸில் பார்க்கக் கூடாது. யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில், பல்கலைக்கழகத்தின் பெயரோடு அந்தக் குறிப்பிட்ட படிப்பும் அந்தக் குறிப்பிட்ட ஆண்டும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் பெரியது, பழையது என்பதெல்லாம் இதில் செல்லாது. தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய பல்கலைக்கழகம் 2014-15க்குப் பிறகு நடத்திய தொலைநிலைப் படிப்புகளுக்கு அனுமதி இல்லை என்று 2022இல் யுஜிசி அறிவித்தது. அதற்குள் பலர் படித்தே முடித்திருந்தார்கள்.

டிப்ளமோ முடித்துவிட்டு ஆலைகளில் வேலை பார்க்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பொறியியல் பட்டத்தை அஞ்சல் வழியில் வாங்க முடியாது. அப்படிச் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் கொடுத்த பட்டங்களை நம்பியிருந்தவர்கள், 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது தவித்துப்போனார்கள். நேர்வழி, மாலை நேரப் பகுதிநேர பி.இ. தான். கலந்தாய்வு வைத்துச் சேர்க்கிறார்கள். களைப்பு அதிகம், ஆனால் பட்டம் நிற்கும்.

இனிஷியல் என்பது நம் ஊருக்கே உரிய தொல்லை. மதிப்பெண் பட்டியலில் ‘கா. முருகன்’, ஆதாரில் ‘முருகன் காளியப்பன்’. தொலைநிலையில் சேர 2024 முதல் டெப் ஐடி என்ற அடையாள எண் கட்டாயமாகியிருக்கிறது. அதை ஆதார் சார்ந்த கணக்கு வழியாகத்தான் உருவாக்க வேண்டியிருக்கிறது. பெயர் ஒத்துப்போகாமல் சேர்க்கையின் கடைசி நாளில் கணினி மையத்தில் அழுது நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சேரலாமா என்று யோசிக்கிற மாதத்திலேயே பெயரைச் சரிசெய்துவிடுங்கள்.

ஒப்படைப்பைக் காசு கொடுத்து வாங்குவது

ஒப்படைப்பு என்றால் வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட். அதை எழுதித் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு தாளுக்கு இவ்வளவு என்று விலை உண்டு. நேர்மையைப் பற்றிப் பேசவில்லை, அது அவரவர் பாடு. நான் சொல்வது லாப நட்டம். இக்னோவில் ஒப்படைப்புக்கு 30 சதவீதம், இறுதித் தேர்வுக்கு 70 சதவீதம். தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் ஒப்படைப்பு மதிப்பெண் ஏறாவிட்டால் அந்தத் தாள் முடிந்ததாகக் கணக்கில் வராது. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஒப்படைப்பை நாமே எழுதினால் பாடத்தில் பாதி அப்போதே முடிந்துவிடுகிறது. வேலைக்குப் போகிறவருக்கு வருடம் முழுக்கக் கிடைக்கிற ஒரே கட்டாயப் படிப்பு அதுதான். கொண்டுபோய்க் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

சேர்க்கைக் கட்டணம் கட்டியதோடு தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைத்து அரை வருடத்தைத் தொலைத்தவர்களும் உண்டு. தேர்வு விண்ணப்பம் தனி, அதன் கடைசித் தேதி தனி.

பேனாவை மறந்துபோவது

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பத்து வருடமாகக் கணினியில் கணக்குப் பார்க்கிற கை, மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதாது. முதல் தேர்வில் நாற்பதாவது நிமிடத்தில் கட்டைவிரலின் அடிப்பகுதி இறுகத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் பேனாவை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே மாற்றிப் பிடித்தேன். எழுத்து கோழி கிளறியதுபோல் ஆனது. விடை தெரிந்தும் கடைசி இரண்டு கேள்விகளுக்கு அரைப் பக்கம்தான் எழுத முடிந்தது. பக்கத்து வரிசையில் கல்லூரி முடித்து நேரே வந்த பெண் மூன்றாவது கூடுதல் தாள் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த தேர்வுக்கு எட்டு வாரம் முன்பிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துவைத்து எழுத ஆரம்பித்தேன். முதல் வாரம் ஒரு மணி, பிறகு ஒன்றரை, கடைசி இரண்டு வாரம் முழு மூன்று மணி. பையன்தான் கண்காணிப்பாளர். அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து அவனுடைய வீட்டுப்பாடத்தை எழுதுவான். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, “உட்காருங்கள் அம்மா, இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது” என்பான்.